வாசிக்காமல் தாண்டிய பக்கங்கள்

எங்கள் வீட்டு வேதப்புத்தகத்தை மூடிவைத்துப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். ஓரமெல்லாம் கைபட்டுக் கைபட்டுத் தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பேறிப் போயிருக்கும். முன்பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கற்றை மட்டும் அச்சாபீசிலிருந்து அன்றைக்குத்தான் வந்த மாதிரி வெள்ளைவெளேரென்று இருக்கும். அவை நாங்கள் வாசிக்காமல் தாண்டுகிற பக்கங்கள்.

விளக்கு வைத்ததும் வீட்டில் ஜெபம். உலகம் உண்டானதிலிருந்து வரிசையாக நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிக்க வேண்டும். அப்பா ராஜபாளையத்தில் பருத்தி அரைக்கிற ஜின்னிங் பாக்டரியில் எஞ்சின் பார்த்தார். எப்பேர்ப்பட்ட எஞ்சினையும் பிரித்து மாட்டிவிடுவாரே தவிர, எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பார். அதனால் வாசிப்பு அம்மாவின் பொறுப்பு. செங்கடல் பிளந்து, ஜனங்கள் கரையேறி, பத்துக் கட்டளையும் வந்து முடிந்ததும் அம்மா விரலை எச்சில் தொட்டு அந்த வெள்ளைக் கற்றையை ஒரே புரட்டாகப் புரட்டி யோசுவா புத்தகத்தில் போய் இறங்குவாள். நடுவில் இருப்பதெல்லாம் எந்த ஆட்டை எப்படி அறுப்பது, எதைத் தின்னக் கூடாது, யாரைக் கட்டக் கூடாது என்கிற சட்டதிட்டங்கள்.

"அது நமக்கில்லட்டி, யூதருக்கு" என்பாள்.

யூதருக்கு உள்ளதை நாம் எதற்குக் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கிறோம் என்று நான் கேட்பேன். தலையில் ஒரு குட்டு விழும். எனக்கு வேதபாடம் அப்படித்தான் ஏறியது.

எனக்கு எட்டு வயதாகும்போது அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். என்னைப் பார்த்துக்கொள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அம்மாவின் தங்கை வந்தாள், ஒரு டிரங்குப் பெட்டியோடு. சித்தி எட்டாம் வகுப்பு பாஸ் பண்ணினவள். பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெய்னிங்குக்கு இடமும் கிடைத்திருந்தது. என் தாய்மாமாதான், "பிள்ள செத்த தெளியட்டும், பொறவு போலாம்" என்று அவளை நிறுத்திவைத்தது. அந்தப் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதிலிருந்து உடுப்பை எடுப்பாள், துவைத்து மடித்து அதிலேயே வைப்பாள். கொடியில் இவ்வளவு இடம் கிடக்கிறதே என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சித்தி வந்த பிறகு அடுக்களைச் சுவர் முழுக்கக் கரிக்கோடுதான். என்னையும் பக்கத்து வீட்டு ராஜுக்கள் பிள்ளைகளையும் உட்கார்த்தி அகப்பைக் காம்பால் சுவரில் தட்டித் தட்டி வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பாள். அந்தப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு பேசும். சித்தி முன்னால் தமிழில் ஒப்பிக்கும். பதில் சரியாக வந்துவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் தெரியாது. இவள் என்னை விட்டுப் போகவே கூடாது என்று நான் தினமும் ஜெபம் பண்ணினேன். அதை மட்டும் வாய்க்குள் பண்ணுவேன்.

மாமா செண்பகத்தோப்பில் பாரஸ்ட் கார்டு. காட்டைக் காக்கிற உத்தியோகம். காட்டுப்பன்றிக்கு அந்தக் காவல் பொருந்தாது என்று அவராக ஒரு விதி வைத்திருந்தார். அம்மா போய் ஒரு வருஷம் கழிந்த சமயம், ஒரு சனிக்கிழமை வாழையிலையில் பொதிந்த பன்றிக் கறியோடு வந்து சேர்ந்தார். சித்தி குருமிளகு தட்டிப்போட்டு வறுத்தாள். சாப்பிட்டுக் கைகழுவிய ஈரத்தோடு மாமா அப்பாவிடம் பேச்சைத் தொடங்கினார்.

"மாப்ளே, நான் சுத்தி வளைக்கல. வெளிய எதுக்குப் பொண்ணு தேடணும்? தங்கச்சி வீட்டுலதான இருக்கா. பிள்ளையும் ஒட்டிக்கிட்டு. என்ன சொல்லுதிய?"

அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வியர்க்காத முகத்தை எதற்கு அம்புட்டு நேரம் துடைத்தாரோ! எனக்கா, தலைகால் புரியவில்லை. என் ஜெபத்துக்கு இவ்வளவு சடுதியில் பதில் வரும் என்று யார் கண்டது? அடுக்களைக்கு ஓடினேன். சித்தி கழுவின சட்டியையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அன்று ஜெபத்தில் யோசுவாவுக்குத் தாவ வேண்டிய முறை. பத்துக் கட்டளையை முந்தின நாள்தான் முடித்திருந்தோம். சித்தி புத்தகத்தை மடியில் வைத்தாள். தாவவில்லை. அந்த வெள்ளைப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தவை மெல்லச் சத்தம் போட்டன. லேவியராகமம் என்கிற சட்டப் புத்தகத்தில் போய் நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக வாசித்தாள். தகப்பனின் சகோதரியைக் கட்டக் கூடாது, தாயின் சகோதரியைக் கட்டக் கூடாது, சகோதரன் மனைவியைக் கட்டக் கூடாது என்று பெரிய பட்டியல். நடுநடுவே வந்த வார்த்தைகளைக் கேட்டு நான் தலையைக் குனிந்துகொண்டேன். மனைவியின் சகோதரி என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். அந்த ஒரு வசனத்தை மட்டும் இரண்டாம் தடவை வாசித்தாள்.

மாமா தொண்டையைச் செருமினார். அப்பா விளக்குத் திரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, பாகம் மாறிப்போச்சு" என்றேன், உதவி செய்கிற நினைப்பில்.

"மாறலட்டி" என்றாள்.

அப்புறம் யாரும் அன்றைக்குப் பாட்டுப் பாடவில்லை. மாமா விடிந்ததும், "எதுக்கும் ஐயரவியகிட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்" என்றார். சபைக் குருவை அப்போதெல்லாம் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தார். கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்துக் கலியாணத்தை அறிவிக்க அவர் சம்மதம் வேண்டும்.

அன்றைக்கே எல்லோரும் கிளம்பினோம். உலகச் சண்டைக் காலம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரியில் ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் ஓர் அடுப்பைச் சுமந்துகொண்டு, மேட்டில் இருமி இருமி ஏறும். சித்தி நல்ல வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தை மடியில் வைத்து, அதற்குள் ஒரு விரலை நுழைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் என்ன தெளிச்சி! எனக்கு வேர்க்கடலை வாங்கித் தந்தாள். வழியெல்லாம் ஊர்ப் பலகைகளை வாசிக்கச் சொன்னாள். கலியாணப் பெண் என்றால் இப்படித்தான் இருப்பார்கள் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் வீட்டு முன்னறையில் ஆண்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். சித்தியை ஐயரம்மா அடுக்களைக்குக் கூட்டிப்போய் வெங்காயம் உரிக்கக் கொடுத்துவிட்டார்கள். நடுவில் ஒரு சுவர்தான். நான் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஐயர் விஷயத்தைக் கேட்டதும், "கூடாதே" என்றார். "மனைவி இறந்தாலும் அவள் சகோதரி சகோதரிதான். மோசேயின் பிரமாணத்துக்குச் சபை சொல்கிற பொருள் அப்படி. கோவில் வாசலிலேயே பட்டியல் தொங்குகிறது, பார்க்கவில்லையா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சித்தியிடம் ஓடிப்போய், "ஐயர் கூடாதுங்கிறார்" என்றேன். சித்தி சிரித்தாள். சத்தியமாகச் சிரித்தாள். என் கன்னத்தைப் பிடித்து ஒரு முத்தம் வேறு. எனக்குக் கோபமென்றால் கோபம். போகப் போகிறவள் சிரிக்கிறாளே, என்மேல் இவளுக்குப் பிரியமே இல்லையா? கையைத் தட்டிவிட்டுத் திரும்ப முன்னறைக்கு வந்தேன்.

அங்கே மாமா வாதத்தில் இறங்கிவிட்டிருந்தார்.

"ஐயா, யாக்கோபு அக்கா தங்கச்சி ரெண்டு பேரையும் கட்டலியா? அதுவும் ரெண்டும் உசுரோட இருக்கையில!"

"அது பிரமாணம் வருவதற்கு முன்னால்."

"சரி. ஆண்டவர் வந்ததும் பழைய பிரமாணம் கழிஞ்சிட்டுன்னு நீங்களே பிரசங்கம் பண்ணுதிய. அப்ப முன்னாலயும் குத்தமில்ல, பின்னாலயும் குத்தமில்ல. நடுவுலதான் குத்தம். நாம இப்ப எதுல இருக்கோம்?"

ஐயர் பொறுமைசாலி. பலியும் சாப்பாட்டுச் சட்டமும்தான் கழிந்தன, ஒழுக்கத்துக்கு உள்ளவை நிற்கின்றன என்று விளக்கினார். எது கழிந்தது, எது நிற்கிறது என்று அந்தப் புத்தகத்தில் ஓரத்திலாவது போட்டிருக்கிறதா என்று மாமா கேட்டார். சபையின் பெரியவர்கள் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள் என்றார் ஐயர். மாமா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"நான் படிக்காதவன், ஐயா. அதே லேவியராகமத்துல பன்னியைத் தொடாதேன்னு இருக்கு. போன கிறிஸ்மசுக்கு நான் கொண்டாந்த கறியை நீங்க ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்ட்டிய. நான் குத்தமாச் சொல்லல. ருசியாத்தான் இருந்துச்சு."

அடுக்களையிலிருந்து ஐயரம்மாவின் சிரிப்பு கேட்டது. ஐயரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் எல்லாம் மாறிப்போனது. அறையில் அதுவரை உட்கார்ந்திருந்த மோசே எழுந்து வெளியே போய்விட்ட மாதிரி இருந்தது.

எனக்குத் தலை கிறுகிறுத்தது. பழைய ஏற்பாடு இருக்கிறதா, போய்விட்டதா? போய்விட்டதென்றால் பத்துக் கட்டளையும் அதில்தானே இருக்கிறது. நாளையிலிருந்து பொய் சொல்லலாமா? இருக்கிறதென்றால் வயிற்றுக்குள் இருக்கிற பன்றியை என்ன செய்வது? யாரையும் கேட்க முடியவில்லை. எல்லோரும் பெரிய விஷயம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "ஐயா, பிள்ளைக்கு ஒரு ஆள் வேணும்." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அம்மா போனபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

ஐயர் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "பாப்பா, உனக்குச் சித்தி வேணுமா?"

"வேணும்" என்றேன். அந்த வீடே கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

ஐயர் தாடியைத் தடவினார். நாடு முழுக்கச் சபைகளில் இப்போது இதைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கிப் பார்க்கிறேன் என்றார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஐயர் கேட்டார், மாமா பேசினார், அப்பா பேசினார், என்னைக்கூட ஒரு வார்த்தை கேட்டார்கள். பிறகு எல்லோரும் மோர் குடித்தார்கள்.

நான் அடுக்களைக்குப் பறந்தேன். "சித்தி, சரின்னுட்டாங்க! பன்னியால சரியாப்போச்சு!"

சித்தி குனிந்தபடியே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஐயரம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "காரமான வெங்காயம்மா" என்றாள் சித்தி. வேதப்புத்தகம் அம்மிக்குப் பக்கத்தில் மூடிக் கிடந்தது.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஒரு பலகையையும் வாசிக்கச் சொல்லவில்லை.

அனுமதி வந்தது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். பக்கத்து வீட்டு ராஜு அம்மாள் பூவும் பழமும் கொண்டுவந்து, "இதுல கேக்க என்னம்மா இருக்கு, ஊரு உலகத்துல நடக்கிறதுதான" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் பெண்ணுக்குத் தோழியாகக் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கலியாணம் முடிந்து சில நாளில் சித்தி டிரங்குப் பெட்டியைக் காலிசெய்து, அதில் அரிசி கொட்டிவைத்தாள். அவள் உடுப்பெல்லாம் கொடிக்கு வந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

சித்தியைப் பற்றி ஒரு குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். எனக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் பிறந்தும் முதல் தோசை என் தட்டில்தான் விழும். அப்பாவை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அடுக்களைச் சுவருக்கு மட்டும் அந்த வருஷம் வெள்ளையடித்தார்கள். பிறகு அதில் கரிக்கோடு விழவில்லை.

வேத வாசிப்பு சுற்றி முடிந்து திரும்ப முதலிலிருந்து வந்தது. செங்கடல் பிளந்தது. பத்துக் கட்டளையும் முடிந்தது. மறுநாள் நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சித்தி விரலை எச்சில் தொட்டு, அம்மா செய்த மாதிரியே, வெள்ளைக் கற்றையை ஒரே புரட்டாகப் புரட்டினாள்.

"அந்தப் பட்டியலை வாசிக்கலியா, சித்தி? அன்னைக்கு வாசிச்சியே?"

"அது நமக்கில்லட்டி."

அம்மா சொன்னதும் அதுதான். இரண்டு பேரும் ஒன்றைச் சொன்னதால் என் குழப்பம் தீர்ந்துபோனது என்று நினைத்து நிம்மதியாக இருந்தேன். அந்தப் பக்கங்கள் எங்கள் வீட்டில் ஒருத்திக்கு வேண்டியிருந்தன என்பதும், அவளுக்கு வேறு எந்தப் பக்கமும் திறந்திருக்கவில்லை என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை. சித்தி குரலைச் சரிசெய்துகொண்டு யோசுவாவை வாசிக்கத் தொடங்கினாள். நான் அவள் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டேன்.