பெருகிய இழை

"ஐயோ, அறுந்துபோச்சு!" என்று நான் வாய்விட்டுக் கத்தியதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுத் தறியில் முகூர்த்தப் புடவை ஒன்று ஏறியிருந்தது. கல்யாணப் புடவையில் இழை அறுந்தால் அந்த வார்த்தையை எங்கள் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். தாலிக்கயிறு அறுந்தால் 'பெருகிச்சு' என்கிறோமே, அதுபோல இழைக்கும் அப்படித்தான் சொல்ல வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். தலையாட்டினேனே ஒழிய, மனசுக்குள் சிரிப்புதான். அறுந்த நூலை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன, முடி போட்டால்தானே ஒட்டும்?

அன்றைக்குச் சிரிக்கிற நிலையில் நான் இல்லை. என் வீட்டுக்காரருக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஆபரேஷன். கொழுந்தனார் கூடப் போயிருந்தார். எனக்கு ஏழு மாதம். பஸ்ஸில் ஏறக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். சேதி வந்தால் தந்தியில்தான் வர வேண்டும். மூன்று நாளாக ஒன்றும் வரவில்லை. தெருவில் சைக்கிள் மணி அடித்தால் ஓடுவேன், பால்காரராக இருக்கும். உட்கார்ந்தால் எழத் தோன்றும், எழுந்தால் நடக்கத் தோன்றும். சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

தறியில் என் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரருக்கு அக்கா. புருஷனைப் பறிகொடுத்துவிட்டுப் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவர். என் ஆட்டத்தைப் பார்த்து, "சும்மா நடந்துக்கினே இருக்காதம்மா, கால் வீங்கிக்கும். வா, கரை நாடாவப் போடு" என்று பக்கத்தில் உட்காரவைத்தார். நாடா என்றால் ஊடுநூலை ஓட்டுகிற கட்டை. புடவையின் கரைக்குத் தனி நாடா. அதைத் தள்ள இன்னொரு கை வேண்டும். "காமாட்சி பாத்துக்குவா, நல்லபடியா வந்துடுவான்" என்று இதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் இழை ஒன்று பட்டென்று போக, நான் கத்தினேன்.

"பெருகிச்சும்மா. முடி போட்டுக்கலாம்" என்றார், தலை நிமிராமல்.

"உங்களுக்குங்கூடத்தான் பெருகிச்சு அண்ணி. என்ன ஆச்சு?"

சொல்லிவிட்டேன். வாயா அது? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் இரண்டு நுனியையும் தேடி எடுத்து, முறுக்கி, அவசரமே இல்லாமல் முடிந்தார். பிறகுதான் பேசினார்.

"எனக்கு அன்னிக்கு அந்த வார்த்தையக்கூட யாரும் சொல்லலம்மா. அவருக்கு மூச்சு இருக்கும்போதே ராசியில்லாதவன்னாங்க. ஒருத்தராவது நல்லதா ஒரு சொல்லு சொல்லியிருந்தா, கடைசிவரைக்கும் அவரு பக்கத்துல உக்காந்திருப்பேன். பயந்துக்கினு ஓடிட்டேன்."

அதற்குப் பிறகு நான் நாடாவை மட்டும் தள்ளிக்கொண்டிருந்தேன். மத்தியானம் தந்திக்காரர் வந்தபோது ஓடி ஒளியாமல் வாசலில் நின்று கை நீட்டினேன். தந்திக்காரரே பிரித்துப் படித்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், கண் விழித்துப் பேசினாராம்.

அண்ணியிடம் சொல்லத் திரும்பினால் தறியில் ஆள் இல்லை. கிணற்றடியில் இருந்தார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு, உடம்பே குலுங்க அழுதுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "ஒண்ணுமில்லம்மா, அவன் வேலூர் போனதுலேர்ந்து தண்ணியத் தவிர எதுவும் எறங்கல" என்றார்.

எனக்குப் புருஷன் என்றால், அவருக்கு இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. எனக்கு இருந்த பயம் அத்தனையும் அவருக்கும் இருந்திருக்கிறது. தைரியம் இருக்கிறவர்தான் தைரியம் சொல்கிறார் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு யார் வீட்டிலாவது ஆஸ்பத்திரி என்று கேள்விப்பட்டால் மனசு ஓரிடத்தில் நிற்பதில்லை, கிளம்பிப் போய்விடுவேன். அங்கே எல்லாருக்கும் ஆறுதல் சொல்லிக்கொண்டு ஒருவர் இருப்பார். முதலில் அவரிடம் போய், "நீங்க ஏதாச்சும் சாப்டீங்களா?" என்று கேட்பேன். பாதிப் பேர் பதில் சொல்வதற்குள் அழுதுவிடுகிறார்கள்.