மூன்று சிலிண்டரை ஒன்றாக இணைத்த வினை

சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டத்து ஆட்களுக்கு வீட்டிலேயே மதியச் சாப்பாடு செய்து கொடுக்கிறேன். சோறு பாதி வேகும்போது கேஸ் தீர்ந்துவிடும். அதனால் என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்த மூன்று சிலிண்டரையும் ரப்பர் குழாயால் இணைத்து ஒரே அடுப்புக்குக் கொடுத்தார்.

"இனி அடுப்பு அணையாது. ராணி மாதிரி இரு" என்றார்.

ஆடி மாதம். காற்று பலமாக அடித்ததால் ஜன்னலையெல்லாம் அடைத்திருந்தோம். ஒரு சிலிண்டர் தீர்ந்தது. அதை மட்டும் கழற்றி வாசலுக்கு உருட்டிப்போய், கேஸ் வண்டிக்காகக் காத்து நின்றேன். மற்ற இரண்டும் திறந்தே இருந்தன. அந்த கேஸ், கழற்றிய குழாய் வழியாக வெளியே வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திரும்பி வந்தால் வீடெல்லாம் நாற்றம். சமையல் மேடைக்கு அடியில் உஸ்ஸென்ற சத்தம். சளி பிடித்து மூக்கடைத்திருந்த வீட்டுக்காரர், லைட்டரோடு அடுப்பு முன்னால் நின்றார்.

"ஏங்க, அதப் பத்த வைக்காதீக!"

"ஏன் கத்துற? உனக்கும் சேத்துத்தான டீ போடுறேன்."

"டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். கேஸ் கசியுது, வெளிய போங்க!"

சிலிண்டர்களை அடைத்தேன். கதவு, ஜன்னல்களைத் திறந்தேன். சுவிட்ச் எதையும் தொடவில்லை. தெருவில் போய் நின்றோம். நாற்றம் போன பிறகுதான் உள்ளே வந்தோம்.

இப்போது ஓர் அடுப்புக்கு ஒரே சிலிண்டர்தான். காற்றடித்தாலும் ஜன்னலை மூடுவதில்லை. தீ அணையாமலிருக்க அடுப்பைச் சுற்றித் தகரம் வைத்திருக்கிறேன். நீங்களும் சிலிண்டர்களை இணைக்காதீர்கள். பாதியில் கேஸ் தீர்ந்து சாப்பாடு தாமதமானால் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.