முத்தர் பஸ்ஸை நிறுத்திய வளைவு

லண்டன் ஈஸ்ட் ஹாமில் செபமாலைமுத்து என்று விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். சுவிஸ் முத்தர் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும். மன்னாரில் பிறந்த மனிதர். சுவிஸ் மலைக்கிராமம் ஒன்றில், பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் தங்கும் ஹோட்டல் குசினியில் தலை நரைக்கும்வரை கோப்பை கழுவிவிட்டு, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டன் வந்தவர். வந்த பிறகும் அந்த மலை அவர் வாயை விட்டு இறங்கவில்லை. லண்டனில் கொஞ்சம் பனி கொட்டினால் போதும், "இதெல்லாம் ஒரு பனியோ" என்று தொடங்கிவிடுவார்.

அந்தப் பீற்றலை நம்பித்தான் போன வருடம் மாசி மாதப் பள்ளி விடுமுறையில் மாதா கோயில் பங்குச் சனம் ஒரு பஸ் பிடித்து அவரோடு மலைக்குப் போனது. முதல் நாள் இரவு சூரிச்சில் உறவுக்காரர் வீடுகளில் தங்கினார்கள். எமில்டா விடிய எழும்பி, பெரிய சட்டிகள் நிறையப் புட்டும் மீன் குழம்பும் ஆக்கி ஏற்றினாள். பங்கில் எந்தத் திருநாள் வந்தாலும் சமையல் அவள் தலையில்தான்; அவளும் அதைச் சுமையாக நினைத்ததில்லை.

மலையுச்சிக்குப் போகும் இழுவை வண்டி நிலையத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு வளைவில், முத்தர் பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். "மேல இடமில்லை, இதிலயே சாப்பிடுவம்" என்றார். அந்த இடத்தில் நடைபாதை இல்லை. சனம் தெருவைக் கடந்து பாறை ஓரம் போய் உட்கார்ந்தது. எமில்டா குழம்புச் சட்டியோடு கடந்தபோது, கூரையில் சறுக்குப் பலகை கட்டிய கார் ஒன்று வளைவில் திரும்பியது. உறைந்த தெருவில் பிரேக் பிடிக்கவில்லை. கார் அவளை இடித்துக் காலை முறித்துவிட்டுத்தான் நின்றது.

ஆம்புலன்ஸை அழைத்தது முத்தர். ஆஸ்பத்திரியில் ஜெர்மன் பேசி, ராவும் பகலும் பக்கத்தில் இருந்தது முத்தர். லண்டனுக்குத் திரும்பிய பிறகும் அவர் ஓயவில்லை. அந்தக் கிராமத்து அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து எடுத்து, வளைவுக்கு ஒரு வழி செய்யுங்கள் என்று உயிரை வாங்கினார். கடைசியில் அவர்கள் செய்தும் விட்டார்கள்.

அதன் படத்தைத்தான் இன்று ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத் திரையில் ஃபாதர் காட்டினார். தெருவைக் கடக்க மஞ்சள் கோட்டுக் கடவை, விளக்குக் கம்பம், கம்பி வேலி போட்ட நடைபாதை. "வாற மாசியும் அங்கதான் போறம், இனிப் பயமில்லை. இது எங்கட முத்தரின்ர வேலை" என்றார். மண்டபம் கைதட்டியது. முத்தர் எழும்பவில்லை. ஒவ்வொரு தட்டும் அவர் கன்னத்தில் விழுந்தது போலிருந்தது.

கூட்டம் கலைந்தபோது எமில்டா ஊன்றுகோலோடு வந்தாள். கையில் வழக்கமான கட்லட் டப்பா. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து வாராவாரம் நன்றிக்கென்று கொண்டுவருகிறாள். முத்தருக்கு அது ஒரு நாளும் தொண்டையில் இறங்கியதில்லை.

"முத்தண்ணை, இந்தமுறைப் பயணத்துக்கு நான் சட்டி கொண்டுவரமாட்டன். பாணும் ஜாமும் வாங்குவம்."

"ஏன் பிள்ளை?"

"என்ர சட்டியாலதானே அண்டைக்கு அதில நிக்கவேண்டி வந்தது. குழந்தையள் ஆராவது அடிபட்டிருந்தா? ஒவ்வொரு பூசையிலயும் அதுக்குத்தான் மன்னிப்புக் கேக்கிறன்."

அவள் நீட்டிய டப்பாவை முத்தர் வாங்கவில்லை. காலும் போய், பழியையும் இவளே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள். அவரோ கைதட்டு வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறார். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனிதனே இல்லை என்று பட்டது.

"மேல இடம் இருந்தது, எமில்டா."

அவள் விளங்காமல் பார்த்தாள்.

"பஸ் விடவும் இடம் இருந்தது. மேசையும் இருக்க வாங்கும் போட்டிருந்தவை. நாங்கள் கொண்டுபோறதை அதில வைச்சுச் சாப்பிடலாம்."

"அப்ப ஏன் அண்ணை கீழ நிப்பாட்டினீங்கள்?"

"நான் வேலை செய்த ஹோட்டல் அதுக்கு முன்னாலதான். பழைய முதலாளி எங்களைக் கண்டிடுவான். மீன் குழம்பு மணக்கும் எண்டு... வெக்கமாக் கிடந்தது."

எமில்டா திரையில் இன்னும் அணைக்காமல் இருந்த மஞ்சள் கோடுகளைப் பார்த்தாள்.

"என்ர கறி மணக்கும் எண்டோ?"

"ஓம்."

நீட்டியிருந்த டப்பாவை மெல்லத் திருப்பித் தன் பைக்குள் வைத்தாள். ஊன்றுகோலை ஊன்றி வாசல்வரை போனவள் அங்கே நின்று திரும்பினாள்.

"நான் சட்டி கொண்டுவாறன். மேலதான் திறப்பன், உங்கட முதலாளி பாக்க. பஸ்ஸில இருந்து மேசைவரைக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு வாறது நீங்கள்."

அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. முத்தர் எழுந்து நின்று, "ஓம், தூக்கிறன்" என்றார்.