பெரிய வெள்ளியில் அடித்த மணி

குளச்சலுக்கும் இனயத்துக்கும் நடுவே கிடக்கிற எங்கள் கடற்கரையில், பெரிய வியாழன் பூசையோடு கோயில் மணிக்கு வாய்க்கட்டு. ஆண்டவர் பாடுபட்டு மரித்த துக்கத்தில், சனிக்கிழமை அல்லேலூயா பாடுகிற வரைக்கும் அது பேசக்கூடாது. மரப்பலகையில் கட்டையால் தட்டித்தான் ஊரைக் கூப்பிட வேண்டும். மணிக்கயிற்றைச் சுருட்டிக் கை எட்டாத உயரத்தில் கட்டிவைப்பது உபதேசியாரின் வேலை. அந்த உபதேசியார் நான்தான். ஒரு வருஷம் கட்ட மறந்துபோனதும் நான்தான். கோயில் வேலைக்கு வந்தபிறகு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அந்த மறதி என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. கோயிலுக்குள் என் குரலைக் கேட்டால் கடல் அடங்கிவிடும் என்பார்கள். கோயிலுக்கு வெளியே, ஒரு நண்டு கொடுக்கைத் தூக்கினாலும் ஒதுங்கி வழிவிடுகிறவன் நான்.

அந்த வருஷத்து நாற்பது நாள் நோன்பான தபசு காலத் தொடக்கத்தில் ஒரு பெண் என் வீட்டுக்கு வந்தாள். இனயத்தில் பிறந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டவள். இருபத்திரண்டு வயதிருக்கும். இடுப்பில் ஒரு பெண்குழந்தை. புருஷன் கட்டுமரக்காரன். அலைக்குள் மரத்தைத் தள்ள நாலுபேர் வேண்டிய இடத்தில் அவன் ஒருவனே போதும். அந்தக் கை வீட்டுக்குள்ளும் அதே பலத்தோடு விழுகிறது என்பது ஊருக்கே தெரியும். தெரிந்ததைக் காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்கவும் ஊருக்குத் தெரியும். அவள் முக்காட்டைக் கொஞ்சம் விலக்கினாள். காதோரம் கன்றிப்போயிருந்தது.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு உடனே கூரையைப் பார்த்தேன். பிறகு இம்மாதிரி நேரத்துக்கென்று வைத்திருந்த பிரசங்கத்தை எடுத்தேன். பொறுமை, செபமாலை, வேதத்தில் மனைவிமாருக்குச் சொல்லப்பட்ட கீழ்ப்படிதல். அதே இடத்தில் புருஷன்மாருக்கும் புத்தி சொல்லியிருக்கிறது. அந்த வரி வரும்போதெல்லாம் எனக்கு இருமல் வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. இருமி முடித்து, எல்லாருக்கும் ஒரு சிலுவை உண்டு மக்கா, சுமந்துதான் ஆகவேண்டும் என்று முத்தாய்ப்பு வைத்தேன்.

“எனக்க சிலுவை குடிச்சிட்டுல்லா வருது, உபதேசியாரே” என்றாள் அவள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே போனாள்.

அடுக்களையிலிருந்து என் மனைவி வந்தாள். அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுத்து அனுப்பினீர் என்று கேட்டாள். புத்தி சொல்லி அனுப்பினேன் என்றேன். “அத வச்சு அடியத் தடுக்க முடியுமா ஓய்?” என்று கேட்டுவிட்டு அம்மியடிக்குப் போய்விட்டாள். அன்று துவையலில் உறைப்பு கூடுதல்.

பெரிய வாரம் வந்தது. வியாழக்கிழமை பங்குச் சாமியார் பன்னிரண்டு ஆண்களை அப்போஸ்தலர்களாகப் பெஞ்சில் இருத்தி, ஆண்டவர் செய்ததுபோலக் கால் கழுவுவார். ஆளைத் தேர்ந்தெடுப்பதும் என் பொறுப்பு. அந்தப் பெஞ்சில் ஒருமுறை உட்கார்ந்தவனுக்கு ஊரில் ஒரு வருஷத்துக்கு மரியாதை. சாமியார் கழுவுவதற்கு முன்னாலேயே வீட்டில் மூன்று தடவை கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அந்த முறை ஒருவருக்கு அம்மை போட்டுவிட்டது. பதினோரு அப்போஸ்தலர்களோடு நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, தோளில் ஒரு கை விழுந்தது.

“பெஞ்சில நமக்கொரு எடம் இருக்கும்லா, உபதேசியாரே?”

அந்தக் கட்டுமரக்காரன்தான். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்த சொல் வேறு. வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாமியார் காலைத் தொட்டால் கல்லும் கரையும், இவன் மனந்திரும்ப இதுவே வழியாகும், நான் ஓர் ஆத்துமாவைக் கரையேற்றியிருக்கிறேன் என்றெல்லாம். பயத்துக்குப் புண்ணியம் என்று பெயர் வைப்பதில் நான் கைதேர்ந்தவன்.

வியாழக்கிழமை அவன் வெள்ளைவேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். சாமியார் முழந்தாளிட்டு அவன் காலைக் கழுவினார், துவாலையால் துடைத்தார், குனிந்து முத்தம் செய்தார். எனக்குக் கண்கலங்கிவிட்டது. அந்தக் கலக்கத்தில்தான் மணிக்கயிறு மறந்துபோயிருக்க வேண்டும்.

மறுநாள் பெரிய வெள்ளி. வெயில் ஏறுவதற்கு முன் அவள் வந்தாள். வாசலில் நிற்கவில்லை. நேரே அடுக்களைக்குள் போய் உட்கார்ந்தாள். இடதுகை மணிக்கட்டு வீங்கித் தொங்கியது. விலாவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். காரணம் கேட்பது என் தொழில், கேட்டேன். கஞ்சி ஆறிப்போயிருந்ததாம். கேட்டபிறகுதான், இதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்த என் புத்தியை நொந்துகொண்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள்.

“சாமி கழுவின காலு வச்சுத்தான் சவுட்டினாரு. நேத்து உச்சைக்குத் தேங்கா நாரு போட்டு அதத் தேச்சு விட்டதும் நாந்தான்.”

என் வாயில் பிரசங்கம் வரவில்லை. இருமலும் வரவில்லை. என் மனைவி குழந்தையை வாங்கித் தோளில் போட்டாள். இனி இந்தப் பிள்ளை அந்த வீட்டுக்குப் போனால் பிணமாகத்தான் திரும்பும், போகவிட மாட்டேன் என்றாள். அவள் பேசி முடிப்பதற்குள் முற்றத்தில் சத்தம் கேட்டது. புருஷன் வந்துவிட்டான். கையில் துடுப்பு.

“எனக்க பெஞ்சாதிய வெளிய விடும் ஓய்.”

நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சாமியாரைக் கூட்டிவருகிறேன் என்று மனைவியின் காதில் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினேன். சாமியார் வீட்டுக்குப் போக அவன் நிற்கிற முற்றத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே என் கால்கள் என்னைக் கேட்காமல் என் வீட்டை ஒட்டி நிற்கும், நாலு பக்கமும் திறந்த கோயில் மணிமேடைக்குள் புகுந்து ஏணியில் ஏறின. பாதி ஏணியில் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டு வாசலில், கையில் கஞ்சி அகப்பையோடு என் மனைவி நின்றாள். எதிரே துடுப்பு. அதைப் பார்த்த அதிர்ச்சியில் கால் வழுக்கியது. கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். கட்டாமல் விட்ட மணிக்கயிறு.

மணி அடித்தது. விட்டுவிடலாம் என்றால் கீழே தரை தூரம். தொங்கினேன். தொங்கத் தொங்க அடித்தது. ஒன்பது அடி என்கிறார்கள் ஊரார். எண்ணுகிற நிலையில் நான் இல்லை.

பெரிய வெள்ளியில் கடலுக்குப் போவாரில்லை. ஆகவே கட்டுமரம் கவிழ்ந்ததென்று அடிக்கிற ஆபத்து மணியாக இருக்க முடியாது. அப்படியானால் ஓலைக்கூரை ஏதோ பற்றிக்கொண்டது என்று ஊர் நினைத்தது. ஆணும் பெண்ணும் தண்ணீர்க்குடங்களோடு ஓடிவந்தார்கள். வந்து பார்த்தால் தீ இல்லை. துடுப்பை ஓங்கியபடி ஒருவன், அகப்பையை ஓங்கியபடி ஒருத்தி, அவள் முதுகுக்குப் பின்னால் வீங்கிய கையோடு இன்னொருத்தி. மேலே கயிற்றில் உபதேசியார்.

முன்னால் நின்ற மீன்காரக் கிழவி என்னை அண்ணாந்து பார்த்து, “ஏலே, தீ எங்கலே?” என்று கேட்டாள். உபதேசியாரை ஏலே என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான்; அன்றைக்கு எனக்கு அது பொருந்தியது. இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் ஒரு காலை நீட்டி அந்தக் கட்டுமரக்காரனைக் காட்டினேன். கிழவி குடத்தோடு அவனிடம் போய் முழுவதையும் அவன் தலையில் கவிழ்த்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடங்கள் வந்தன. அவன் துடுப்பைக் கீழே போட்டான். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவனுக்குக் கையே எழவில்லை. அந்தக் கை நாலு சுவருக்குள் மட்டும் எழுகிற கை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவனுக்குப் பயந்தா இத்தனை நாள் இருமினேன்!

சாமியார் நோன்புக் களைப்போடு வந்து சேர்ந்தார். மணி அடித்தது யார் என்று முதலில் கேட்டார். இறங்கி ஒப்புக்கொண்டேன். எல்லாவற்றையும் கேட்டபிறகு, இவனைப் பெஞ்சில் இருத்தியது யார் என்றார். அதையும் ஊருக்கு முன்னால் ஒப்புக்கொண்டேன். தபசு காலத்தில் நான் சொன்ன சிலுவைப் புத்தியையும் என் மனைவி நினைவுபடுத்தினாள்.

“சிலுவை சொமக்கச் சொன்னீரு, சரி. ஆணி அடிக்கவனக் கொண்டு முன்பெஞ்சில இருத்தினது எந்த வேதத்துல ஓய்?” என்று என்னைக் கேட்டார் சாமியார்.

கேட்டுவிட்டு அவர் குனிந்து மணலைப் பார்த்தார். அந்தக் காலுக்கு முத்தம் செய்தவன் நான் என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னார்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஆண்டவர் சேர்த்துவைத்ததை நாம் பிரிக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எனக்கு அந்தச் செருமல் நன்றாகத் தெரியும். என் இருமலுக்கு அண்ணன்.

“பிரிச்சது நாமில்ல. இவனுக்க காலு நேத்தே பிரிச்சாச்சு” என்றார் சாமியார்.

கலியாணம் தேவதிரவிய அனுமானம், ஆண்டவர் அருள் தருகிற திருச்சடங்கு; கொல்லுவதற்குக் கொடுத்த உத்தரவு அல்ல என்று பிறகு எல்லாரும் கேட்க விளக்கினார். கொடுமைக்குத் தப்பி விலகி இருப்பதைத் திருச்சபையே அனுமதிக்கிறது. அவளுக்கு அதில் பாவம் ஒரு துளியும் இல்லை. அவனுக்கு அந்த வருஷம் ஈஸ்டருக்கு வாங்குகிற பாஸ்கா நற்கருணை கிடையாது. மனந்திரும்பினால் வந்து பாவசங்கீர்த்தனம் செய்யலாம். ஆனால் பாவமன்னிப்பு வேறு, பெண்டாட்டி திரும்பிப் போவது வேறு. போவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் அவள். இதைக் கேட்டதும் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். அடிபட்டு வந்தபோது அழாதவள்.

வைத்தியர் கைக்குப் பச்சிலை வைத்து மூங்கில் தப்பை கட்டினார். சனிக்கிழமை அல்லேலூயா முடிந்து, விடிந்ததும் அவளை இனயத்தில் அவளுடைய அம்மா வீட்டில் கொண்டுவிடும் வேலை எனக்கு. கடற்கரையோடு நடந்தோம். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். பின்னால் ஒரு காக்கை கரைந்தாலும் திரும்பிப் பார்த்தேன். எட்டாவது தடவை திரும்பியபோது அவள் சொன்னாள்:

“பயப்படாதையும் உபதேசியாரே. ஆரும் வந்தா நான் பாத்துக்கிடுகேன். நீரு பிள்ளையக் கீழ போடாம வந்தா மதி.”

அந்தக் கரையில் முதல்முறையாக அவள் சிரித்ததைப் பார்த்தேன். எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு நங்கூரத்தைத் தூக்கியதுபோல இருந்தது.

அவன் பிறகு குடியை விட்டான், பாவசங்கீர்த்தனமும் செய்தான் என்று கேள்வி. இரண்டு தடவை இனயத்துக்குப் போய்க் கூப்பிட்டான். நல்லா இருக்கட்டும், அங்கேயே இருந்து நல்லா இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். இப்போது தலையில் மீன்கடவத்தோடு எங்கள் தெருவழியே குளச்சலுக்குப் போகிறாள். என் வாசலைக் கடக்கும்போது, இன்னிக்கு எங்கயும் தீ உண்டா உபதேசியாரே என்று கேட்காமல் போகமாட்டாள்.

இப்போதும் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். முதலில் என் மனைவி கஞ்சி கொடுப்பாள், படுக்கப் பாய் விரிப்பாள். பிறகுதான் நான் பேசலாம் என்று எங்கள் வீட்டில் சட்டம். பேசும்போது புருஷன்மாருக்கான வரியையும் சேர்த்தே சொல்கிறேன். இருமல் நின்றுவிட்டது.

பெரிய வியாழனில் மணிக்கயிற்றைக் கட்டுகிறேன். ஆனால் கை எட்டுகிற உயரத்தில். சாமியார் ஒவ்வொரு வருஷமும் அதைப் பார்க்கிறார். உயர்த்திக் கட்டச் சொன்னதில்லை.