மாரடிப்புக்குச் சேர்த்த குத்துப்பாட்டு

யாராவது போனைத் தூக்கினால் ஜெயக்கொடியின் கை தானாக முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொள்ளும். செஞ்சிக் கோட்டைக்கு வந்தவர்கள் வழியில் நின்று செல்பி எடுத்தாலும் சரி, பக்கத்து வீட்டில் பிறந்தநாள் கேக் வெட்டினாலும் சரி. பல வருஷப் பழக்கம் இது.

அவள் நைனா, அவளைப் பெற்ற அப்பா, செத்த அன்று ஆரம்பித்தது. பெண்கள் வட்டமாக நின்று மாரடித்து அழுதார்கள். பெரியப்பா மகன் எழிலரசன் அதைப் படம் பிடித்தான். அழுகையை எடுத்துவிட்டு ஒரு குத்துப்பாட்டைச் சேர்த்துத் தன் சேனலில் போட்டான். ஜெயக்கொடி தாளத்துக்கு ஆடுவது போலவே இருந்தது. அவலூர்பேட்டை பஸ்ஸில் பையன்கள் "டான்ஸ் அக்கா" என்றார்கள்.

"எடுத்துடு அண்ணே. எங்க நைனா சாவு அது."

"இன்னா இப்போ? ஊரே ரசிக்குது. உன்ன பேமஸ் ஆக்கி வுட்டிருக்கேன், ஒரு டீ வாங்கித் தரக் காணோம்!"

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மறக்கவும் இல்லை.

எட்டாவதோடு நின்றவளுக்குச் செஞ்சியில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை கிடைத்தது. வீடியோவில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், சிரிப்பா அழுகையா கோபமா என்று குறிக்க வேண்டும். அதைப் பார்த்து மெஷின் கற்றுக்கொள்ளுமாம். ஒருநாள் திரையில் அவளே வந்தாள். "கொண்டாட்டம், சந்தோஷம்" என்று மெஷின் முன்பே எழுதி வைத்திருந்தது. அவள் "சாவு, துக்கம்" என்று மாற்றினாள்.

மேற்பார்வை பார்க்கும் ஷோபனா அதைத் திருப்பிவிட்டாள். "பாட்டக் கேளுக்கா. மத்த ரெண்டு பேரும் சந்தோஷம்னு போட்டுட்டாங்க. மூணு பேர்ல ரெண்டு பேர் சொல்றதுதான் நிக்கும்."

அது நான்தான் என்று சொல்ல ஜெயக்கொடிக்கு வாய் வரவில்லை. நைனாவின் சாவு சந்தோஷமாகவே பதிவானது. பாட்டை மாற்றினால் யாரையும் எப்படியும் காட்டலாம் என்பதை மட்டும் மனதில் முடிந்துகொண்டாள்.

போன தையில் எழிலரசனின் அம்மா அமிர்தவல்லி இறந்தாள். பெரியம்மாவுக்காக ஜெயக்கொடி உண்மையாகவே மாரடித்து அழுதாள். அழுது முடித்து, வட்டத்தை விட்டு விலகிப் போனை எடுத்தாள். எழிலரசன் மண்ணில் உட்கார்ந்து, தோள் குலுங்க, வாய் கோணி அழுதுகொண்டிருந்தான். ஒன்றையும் விடாமல் பிடித்தாள்.

கருமாதி முடியும்வரை பொறுத்தாள். மறுநாள் காலையில் அதே குத்துப்பாட்டைச் சேர்த்து அவனுக்கு மட்டும் அனுப்பினாள்.

சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தான். "இன்னா வேல பண்ணிக்கீற? எங்க அம்மா சாவுடி அது!"

"ஊரே ரசிக்கும் அண்ணே. பேமஸ் ஆயிடுவ."

"அழிச்சுடு, கையெடுத்துக் கும்புடுறேன்."

"மொதல்ல உன்னுது."

வாசலில் நின்றபடியே அவள் வீடியோவைச் சேனலிலிருந்து எடுத்தான். "இப்போ உன்னுத அழி."

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று அவன் சேனலில் அவள் வீடியோ இல்லை. ஆபீஸில் அது இன்னும் சந்தோஷம்தான். அவன் அழுத வீடியோ அவள் போனில் இருக்கிறது. தெருவில் அவள் போனைக் கையில் எடுத்தாலே எழிலரசன் துண்டால் வாயை மூடிக்கொள்கிறான்.