மூன்று மொட்டிலும் ஓட்டை

எர்ணாவூர்ப் பெருமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. எங்கள் பால்கனி ரோஜாவில் ஓட்டை போட்டுவந்த ஆசாமி இன்று காலை பிடிபட்டான். துப்பறிந்து பிடித்தவன் நான்.

அப்பா கடைசியாக வாங்கிவந்த செடி அது. இன்று அவருடைய முதல் நினைவு நாள். படத்துக்கு வைக்க அம்மா மூன்று மொட்டுகளைக் காத்துவந்தார். மூன்றிலும் வட்டமாக ஓட்டை.

"அனல்மின் நிலையத்துச் சாம்பல்டா, எல்லாத்தையும் அரிச்சிடும்" என்றார் எதிர்வீட்டு மாமா.

"சாம்பலுக்கு இன்னா பல்லா கீது மாமா?" என்றபடி ஒரு மொட்டைப் பிரித்தேன். உள்ளே கொழுத்த பச்சைப் புழு.

"தக்காளில கீற புழுவாச்சே இது. மூணாவது மாடிக்கு எப்டி வந்துச்சு?" என்றார் அம்மா.

தங்கச்சி என்னையே பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

ஓட்டை விழுந்த பூவையே அம்மா படத்தில் வைத்தார். "உங்கப்பா ஒண்ணும் சொல்லமாட்டாரு." அதுதான் தாங்கவில்லை.

போன வாரம் தங்கச்சியின் டிபன் பாக்ஸில் தக்காளிப் புழுவைப் போட்டது நான்தான். பால்கனியில் அதைத் திறந்த அவள் அலறி வீசியது அந்தச் செடிமேல்.

அம்மா இந்தப் போஸ்ட்டைப் பார்ப்பதற்குள், அவரிடம் எப்படிச் சொல்வதென்று யாராவது கமெண்டில் சொல்லுங்கள்.