நான் சாறன் வெட்டிய காலம்

ஆண்கள் இடுப்பில் உடுக்கும் சாறனை மூட்டுவதைப் போல நிம்மதியான தையல் வேலை வேறு இல்லை. இரண்டு ஓரத்தையும் சேர்த்து நேராக ஒரு ஓட்டு ஓட்டினால் தீர்ந்தது, அளவெடுக்கவும் வேண்டாம், ஆளைப் பார்க்கவும் வேண்டாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் கிழக்கிலங்கை மருதமுனையில் அப்படி நிம்மதியாக இருந்த நான், அதே சாறனை வெட்டிப் பெண்களுக்கு உடுப்புத் தைக்கப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன். மெஷின் வைத்திருக்கும் சகோதரிகளே, நீங்களும் பட்டிருப்பீர்கள், கேளுங்கள்.

பிழைத் துணி

எங்கள் வீட்டுக்காரர் நெசவாளி. ஒருமுறை தறியில் இழை அறுந்து ஒரு சாறனின் நடுவில் கோடு விழுந்துவிட்டது. கல்முனைக் கடைக்காரர் அதை எடுக்கவில்லை. நீலமும் கறுப்பும் கலந்த அருமையான கட்டம். வீணாகப் போக மனம் வராமல், கோட்டை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தில் இடுப்பில் மடிப்பு வைத்து எனக்கொரு பாவாடை தைத்தேன். பூப்போட்ட சீத்தைத் துணியையே பார்த்துச் சலித்திருந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்களுக்கும் கேட்டார்கள். பிழைத் துணி முடிந்ததும் நல்ல சாறனையே வெட்டச் சொன்னார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பயம் பிடித்துவிட்டது. ஆணுடைய உடுப்பைப் பெண் உடுத்துவது மார்க்கத்தில் கூடாது. இது ஆண் உடுப்பா, வெறும் துணியா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. ஆனால் வெட்டித் தைப்பதில் எனக்கு வந்த சந்தோசத்தை அதுவரை நான் எதிலும் கண்டதில்லை. அதை விட்டுவிட்டுத் திரும்பவும் ஓரம் மூட்ட உட்கார எனக்கு மனமில்லை. கடைசியில் அவர் ஒரு முடிவு சொன்னார்: "வெட்டு புள்ள. ஆனா ஆம்புளட உடுப்பப் பொம்புள உடுக்கிறாளெண்டு ஒரு மனிசன் என்ட முகத்துக்கு நேர சொன்னா, அண்டையோட என்ட தறியிலிரிந்து உனக்கு ஒரு முழம் துணி வராது."

பட்டை எந்தப் பக்கம்?

சாறனில் ஒரு இடத்தில் மட்டும் வேறு கோலத்தில் அகலமான பட்டை ஒன்று வரும். ஆண்கள் அதைப் பின்பக்கம் விட்டு உடுப்பார்கள். நானும் அந்தப் பழக்கத்தில், சாய்ந்தமருதில் இருந்து வந்த கதீசாவின் பாவாடையில் பட்டையைப் பின்னால் வைத்தேன். கடற்கரையில் மீன் விற்கிற மனிசி, வாயில் பேச்சுக்குக் குறைவில்லை. பாவாடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் மடியில் போட்டாள்.

பின்னால் இருந்தால்தான் நடக்கும்போது வடிவு என்று நான் விளக்கினேன். அவள் கேட்கவே இல்லை. "ஆம்புளயளுக்குத் தாங்க போறத்த மத்தவன் பாக்கோணும் ராத்தா. என்ட பாவாடைய நான்தான் பாக்கோணும், முன்னுக்கு வைங்க."

சாவி

பெண்கள் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர், ஆண்களின் சேர்ட்டைப் போலக் கொலர் வைத்த நீளக்கைச் சட்டை கேட்டார். தைத்தேன். நெஞ்சில் ஒரு பையும் வேண்டும் என்றார். கொலருக்கே யார் என்ன சொல்வார்களோ என்று பயந்துகொண்டிருந்தேன், பையை எப்படி மறைப்பது? கடைசியில் அதோடு உடுக்கத் தைத்த பாவாடையின் மடிப்புக்குள் யாருக்கும் தெரியாமல் ஒன்றை வைத்துக் கொடுத்தேன். பையில் அப்படி என்ன வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னார்: "அலுமாரிச் சாவி. ஆம்புள சேர்மாருக்குச் சட்டப் பையில சாவி வைக்க இடமிரிக்கி, நான் ஒரு கையில சாவிய வெச்சிட்டுத்தான் கரும்பலகையில எழுதுறன்."

லெப்பை வந்தார்

பெண்கள் என் பாவாடையோடு கலியாண வீடுகளுக்குப் போகத் தொடங்கினார்கள். கதை பள்ளிவாசல் வரை போயிருக்க வேண்டும். ஒருநாள் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் லெப்பை வந்தார். சாறன் எடுக்க வந்ததாகச் சொன்னாலும் கண் என் மெஷினில்தான் இருந்தது. அதில் பாதி தைத்த பாவாடை தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். இது மார்க்கத்தில் கூடுமா என்று அவர் கேட்க வாயெடுப்பது எனக்குத் தெரிந்தது. தொழில் இன்றோடு போச்சு என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

லெப்பை முந்திக்கொண்டார். சாறனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசல்படி இறங்கியவர், எங்கள் வீட்டுக்காரரின் தோளைத் தட்டிச் சொன்னார்: "என்னட்டக் கேட்டா நான் மார்க்கக் கிதாபப் பாத்துச் சொல்லோணும் தம்பி. கேக்காட்டி ரெண்டு பேருக்கும் நிம்மதி."

விட்டுப்போன சாறன்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வாழ்வார். சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு வெளியேறுவதும் அவர்தான். அடுத்த வீட்டு றகுமாவின் மாப்பிள்ளை அப்படித்தான் அட்டாளைச்சேனையில் இருந்த உம்மா வீட்டுக்குப் போனார். போன அவசரத்தில் தன் பெருநாள் சாறனை விட்டுவிட்டார். மாதக்கணக்கில் ஆளும் இல்லை, சேதியும் இல்லை. ஒருநாள் றகுமா அந்தச் சாறனைக் கொண்டுவந்து வெட்டச் சொன்னாள். ஆளின் உடுப்பாயிற்றே என்று நான் தயங்கினேன். அவள் அழவில்லை, வெட்டும் வரைக்கும் எழும்பவும் இல்லை.

நோன்புக்கு முன் றகுமாவின் மாப்பிள்ளை திரும்பி வந்தார். மனைவி வீட்டுக்கு நேராகப் போக வெட்கப்பட்டு எங்கள் வீட்டு வாசலில் நின்று, சாறன் ஒன்று அங்கே கிடக்கிறது, எடுத்துத் தர முடியுமா காக்கா என்று, அண்ணனை அழைப்பது போல, எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டார். சாறனுக்காக அட்டாளைச்சேனையில் இருந்து யாரும் வரமாட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. நான் ஆளனுப்புவதற்குள் விசயம் எட்டி, றகுமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தானே வந்தாள். உடுத்தியிருந்தது அந்தப் பாவாடை.

எங்கள் வீட்டுக்காரரின் முகம் வெளிறிப் போனது. அது அவர் நெய்த சாறன், அவருக்கு அடையாளம் தெரியாதா? இது என் உடுப்பு என்று வந்தவர் ஒரு சொல் சொன்னால் என் தொழிலும் முடிந்தது, றகுமாவின் வாழ்வும் முடிந்தது. வந்தவர் பட்டையைப் பார்த்தார், மடிப்பைப் பார்த்தார், பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரரிடம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "அது என்ட சாறன் இல்ல காக்கா. என்ட சாறன் இவ்வளவு வடிவா இருக்கல்ல."

றகுமா முன்னே நடக்க அவர் பின்னே போனார். அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக்காரர் தறியில் இருந்து இறக்கிய புதுச் சாறனை என் மெஷின் மேல் வைத்துவிட்டுத் தொழப் போனார்.

இந்தத் தொழிலில் துணியை வெட்டுவது ஒரு பொழுது வேலைதான், வெட்டியது சரி என்று ஒரு ஆம்பிளையின் வாயால் வருவதற்குத்தான் வருசக்கணக்கில் ஊசியைக் கோத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.